கூடிப்போன பத்து ஜிபி

அத்தியாயம் 7

நாலு மணிக்கு ஒரு பெண் உள்ளே போகப் போகிறாள். பதினொன்றரைக்கு ஹியூபேட் பணிஸ் தின்றுகொண்டிருந்தான்.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. மேசைமேல் கிடந்த அந்தப் பழைய போனை அவனும் அவனுடைய முதலாளி துஷ்யந்தியும் காலையிலிருந்து மாறி மாறிப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே, ஒற்றை ஜன்னலோடு இருந்த அறை அது. கதவில் 'தனியார் விசாரணை' என்று மட்டும் எழுதியிருந்தது. முன்பு காப்புறுதிக் கம்பனியில் இருந்து பொய்க்காரர்களைப் பிடித்தவள் துஷ்யந்தி. முன்பு பஸ் கொண்டக்டராக இருந்து டிக்கட் எடுக்காதவர்களைப் பிடித்தவன் ஹியூபேட். இரண்டு பேருக்கும் மனிதர்கள்மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. அதனால்தான் தொழில் ஓடியது.

விஷயம் இதுதான். சவுந்தரநாயகம் என்ற எழுபத்திரண்டு வயதுக்காரர், ஓய்வுபெற்ற மின்பொறியியலாளர், மணம் முடிக்காதவர், புதன்கிழமை காலையில் தன் தொடர்மாடி வீட்டில் இறந்துபோனார். இதயத்துக்கு எடுக்கும் குளிகை அளவுமீறி உடம்பில் ஏறிவிட்டதாம். காலையில் அரைக் குளிகை எடுக்கவேண்டியவர், சனிக்கிழமை இரவிலிருந்து காலையில் இரண்டும் இரவில் இரண்டுமாக எடுத்திருக்கிறார். சமையலறைக் கலண்டரில் அப்படித்தான் எழுதியிருந்தது. எழுதிய கை, அவரைப் பார்த்துக்கொண்ட இராமலெட்சுமியுடையது.

ஹற்றன் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து ஆறு வருடமாக அந்த வீட்டில் வேலை செய்தவள் அவள். சனிக்கிழமை பின்னேரம் ஐயாவுக்குப் போன் வந்தது, அறைக்குள் இருந்து கதைத்தார், பிறகு தன்னைக் கூப்பிட்டு, டாக்டர் அளவை மாற்றிவிட்டாராம், கலண்டரில் எழுதிவை என்றார் என்று அவள் சொன்னாள். கிளினிக்கில் கேட்டால், யாரும் அழைக்கவுமில்லை, யாரும் எதையும் மாற்றவுமில்லை. பனையால் விழுந்தவளை மாடேறி மிதித்த கதையாகிவிட்டது.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பிடிமானம். ஐயாவின் போன் எல்லாக் கதையையும் பதிந்து வைக்கும் என்று புதன்கிழமையே, வந்திருந்த சனம் முழுக்கக் கேட்க, அழுது சொல்லியிருந்தாள்.

அந்தப் போனைத்தான் இன்று காலையில் தனுஷன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். இறந்தவரின் அக்கா மகன், தெஹிவளையில் வீடு, நல்ல வேலை, அதைவிட நல்ல பழக்கம். மாமாவின் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்ததைப் புதன்கிழமை நிறுத்தி எடுத்து வைத்ததோடு சரி, பிறகு தான் தொடவேயில்லை என்றான். வெளி ஆள் ஒருவர் பார்த்து, பதிவு இருக்கிறதா இல்லையா என்று எழுதித் தந்தால் பொலிஸ் ஏற்றுக்கொள்ளும். நாலு மணிக்கு இராமலெட்சுமியை ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பதிவு இல்லையென்றால் அவளுடைய வாக்குமூலத்தை முடித்து இன்றைக்கே நீதவானிடம் கொண்டுபோவார்கள்.

"இருந்தா அந்தப் பிள்ளை தப்பட்டும் மிஸ். இல்லாட்டி மாமாவுக்கு நியாயம் கிடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது, காலைச் சாப்பாட்டுக்கென்று பேக்கரியில் வாங்கிய ஒரு பை பணிஸும் வைத்துவிட்டுப் போனான். ஹியூபேட்டுக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது.

போனில் படங்கள் இருந்தன. கோயில் தேர் வீடியோக்கள் இருந்தன. பதிவு என்று ஒன்றும் இல்லை.

ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டைப் பார்க்கலாமே என்று ஹியூபேட் சொல்லிப் பார்த்தான். துஷ்யந்தி மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள். அப்களின் சின்னப் படங்களில் பாதி நிறம் செத்துச் சாம்பலாகக் கிடந்தன. தொட்டால் திறக்கவில்லை.

"இதெல்லாம் ஏன் வெளுத்துக் கிடக்கு, ஹியூபேட்?"

"வயசு போனா நானும் வெளுப்பன் மிஸ்."

அவள் சிரிக்கவில்லை. போனின் பின்மூடியை நகத்தால் நெம்பிக் கழற்றினாள். உள்ளே, பற்றரிக்கு மேலே, நகம் அளவு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. 'ரிம்ஸான், ஜம்பட்டா வீதி' என்றும், அதன் கீழே பேனையால் ஒரு திகதியும். இந்தக் கிழமைச் செவ்வாய்க்கிழமையின் திகதி.

"செவ்வாய்க்கிழமை ஒருத்தன் இதுக்குள்ள கைவைச்சிருக்கிறான். புதன்கிழமை பெரியவர் இல்லை" என்றாள் துஷ்யந்தி. "ஓட்டோவை எடுங்கோ."

ஹியூபேட் கையிலிருந்த பாதிப் பணிஸை வாய்க்குள் தள்ளிக்கொண்டு படியிறங்கினான்.

*

கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் ஞானஸ்நானம் வாங்கி, அங்கேயே பெண்ணும் கட்டியவன் ஹியூபேட். அந்த ஊரில் எந்த ஒழுங்கைக்குள் எந்த நாய் கடிக்கும் என்பதுகூட அவனுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன், புறக்கோட்டை நெரிசலுக்குள் புகுந்து, மூன்று பஸ் சாரதிகளிடம் சிங்களத்தில் ஏச்சு வாங்கி, பன்னிரண்டு இருபதுக்கு ஜம்பட்டா வீதியில் ஓட்டோவை நிறுத்திய பிறகுதான் இன்றைக்கு என்ன நாள் என்று யோசித்தான். ரிம்ஸானின் கடை ஷட்டர் நிலம்வரை இறங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை.

"எத்தனை மணிக்குத் திறப்பார்?" என்று துஷ்யந்தி கேட்டாள். ஒன்றரைக்கு முன்னால் அந்த ஷட்டரைத் தூக்க ஜனாதிபதி வந்தாலும் முடியாது என்றான் ஹியூபேட். அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஏசியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தார்கள். ஓட்டோவின் கூரைச் சூடு தலையில் இறங்கியது. இடையில் தனுஷன் இரண்டு முறை அழைத்தான். முதல் முறை மரியாதையாக, இரண்டாம் முறை இன்னும் மரியாதையாக, அறிக்கை முடிந்ததா என்று கேட்டான். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றாள் துஷ்யந்தி. எங்கே நிற்கிறோம் என்று அவள் சொல்லவில்லை என்பதை ஹியூபேட் கவனித்தான். ஏனென்று விளங்கவில்லை. அவனுடைய கணக்கில் கள்ளன் ஷட்டருக்குப் பின்னால் இருப்பவன்தான். போனைத் திருத்தத் தருகிறோம், அவன் உள்ளேயிருப்பதைக் கிண்டி எடுத்துவிட்டு வெறும் கோதைத் தருகிறான். கொழும்பில் நடக்காததா?

ஒன்று நாற்பதுக்குத் தொப்பியோடு ஒருவன் வந்து ஷட்டரைத் தூக்கினான். முப்பது வயதிருக்கும். துஷ்யந்தி போனைக் காட்டி, இதன் சொந்தக்காரர் புதன்கிழமை இறந்துபோனார் என்றாள். ரிம்ஸான் சாவிக்கொத்தைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு அப்படியே நின்றான்.

"மவுத்தாகிட்டாரா? செவ்வாக்கெழம இந்தக் கதிரயிலதானே ஒக்காந்திருந்தாரு."

நடிக்கிறவனின் கண் முதலில் வாசலைப் பார்க்கும் என்பது பஸ்ஸில் படித்த பாடம். இவன் கதிரையைத்தான் பார்த்தான். ஹியூபேட்டின் கணக்கில் முதல் ஓட்டை விழுந்தது.

ரிம்ஸான் சொன்னது இது. பெரியவர் மூன்று வருடப் பழக்கம். புதுப் போன் வாங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர். கம்பனி ஒரு போனை விற்கும்போது அதன் சில கதவுகளைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்ளும். அந்தச் சாவியைப் பிடுங்கி நம் கையில் எடுத்துக்கொள்வதைத்தான் ரூட் பண்ணுவது என்பார்கள். பெரியவர் தன் போனை ரூட் பண்ணுவித்தது இரண்டு காரணத்துக்காக. போனுக்குள் இடம் போதாது, அப்களை மெமரி கார்டுக்குள் வைக்கவேண்டும். மற்றது, காது மந்தம். கதைத்ததைப் பிறகு மெதுவாகப் போட்டுக் கேட்பதற்கு இரண்டு பக்கக் குரலும் பதியவேண்டும். இப்போது பதினாறு ஜிபி கார்ட் நிரம்பிவிட்டது என்று, அறுபத்திநாலு போடச் செவ்வாய்க்கிழமை வந்தார். கூடவே அவரைப் பார்த்துக்கொள்கிற அக்காவும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஆனா மிஸ், அண்டைக்கி மனுசன் சரியில்ல. ஸ்கிரீன் மஞ்சளா ஈக்கிது, மஞ்சளா ஈக்கிதுண்டு சொல்லிட்டே இருந்தாரு. நான் மூணு தடவ கலர் மாத்திப் பாத்தேன். எனக்கு ஒரு மஞ்சளும் தெரியல்ல."

"பிழை போனில இல்லை" என்றாள் துஷ்யந்தி மெதுவாக. "அந்தக் குளிகை கூடினா கண்ணில மஞ்சள் அடிக்கும்."

ரிம்ஸான் வெறும் கதிரையை மறுபடியும் பார்த்தான். பிறகு, தேநீர் குடித்தபடி பெரியவர் சொன்ன இன்னொன்றையும் சொன்னான். அடுத்த கிழமை உறுதி எழுத நொத்தாரிசிடம் போகவேண்டும், லெட்சுமி சாகும்வரை அந்த வீட்டில் இருக்க எழுதிவைக்கவேண்டும், இல்லாவிட்டால் என் சொந்தம் அவளை அடுத்த நாளே வெளியில் தள்ளிவிடும், இதைப் போன கிழமையே அவர்களிடம் சொல்லியும் விட்டேன் என்றாராம். அவள் அப்போது வெளியே நின்று வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தாளாம்.

துஷ்யந்தி ஒரு தலையசைப்போடு அதைக் கேட்டுக்கொண்டு, போனைத் திறந்து கார்டைப் பார்க்கச் சொன்னாள்.

ரிம்ஸான் அதை வெளியே எடுத்தான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தான்.

"இது நான் போட்ட கார்ட் இல்ல."

எப்படித் தெரியும் என்று ஹியூபேட் கேட்டான். ரிம்ஸான் மேசை லாச்சியைத் திறந்து சின்னஞ்சிறு சிவப்புப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்தான். நகப்பூச்சு. மனைவி ஷிம்னாவுக்குக் கல்யாணப் பரிசாக யாரோ கொடுத்தது. தொழுகைக்கு ஆகாதென்று அவள் பூசுவதில்லை, வீசவும் மனமில்லை. அன்றிலிருந்து இந்தக் கடையை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு கார்டின் மூலையிலும் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பான். வேறு கார்டைக் கொண்டுவந்து உன் கார்ட் பழுதென்று சண்டை பிடிக்கிறவர்களுக்காகக் கண்டுபிடித்த வைத்தியம். இந்தக் கார்டில் புள்ளி இல்லை.

"புள்ளி கழண்டிருக்கலாமே" என்றான் ஹியூபேட். தன் கள்ளனை இவ்வளவு சுலபமாகக் கைவிட அவனுக்கு மனம் வரவில்லை.

ரிம்ஸான் கார்டைக் கணினியில் செருகி, திரையைத் திருப்பிக் காட்டினான். ஐம்பத்தொன்பது ஜிபி என்று இருந்தது. அறுபத்திநாலு என்று விற்கிற கார்டில் உண்மையில் இருப்பது அவ்வளவுதான் என்றான். "ஆனா நான் போட்டதுண்டா இங்க நாப்பத்தொம்பதுதான் காட்டணும். பத்து கூடிப்போச்சு."

"கூடினா நல்லதுதானே? குறைஞ்சாத்தானே களவு."

அப்போதுதான் ரிம்ஸான் விளக்கினான். இப்படிப்பட்ட போனுக்குக் கார்ட் போடும்போது அதை இரண்டு அறையாகத் தடுப்பார்கள். வெளியறையில் படமும் பாட்டும். பத்து ஜிபி உள்ளறையில் அப்களும், அந்த அப்கள் சேர்க்கிறதும். குரல் பதியும் அப்பும் அதன் பதிவுகளும் உள்ளறையில்தான். சாதாரணக் கணினிக்கு வெளியறை மட்டும்தான் தெரியும், உள்ளறை இருப்பதே தெரியாது. சிறிய கார்டிலிருந்து பெரிய கார்டுக்கு மாற்றும்போது இரண்டு அறையையும் தனித்தனியாகக் கொண்டுபோகவேண்டும். தெரியாதவன் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கொப்பி பண்ணுவான். பிறகு பாதி அப் சாம்பலாகிவிட்டது என்று அழுதுகொண்டு இங்கே வருவான்.

"கார்டை மாத்தினவன் படம் ஒண்டும் கொறயக்கூடாதுண்டு கவனமா எல்லாத்தயும் கொப்பி பண்ணியிருக்கான். உள்ளற இருந்ததே அவனுக்குத் தெரியா."

வெளுத்துக் கிடந்த படங்களுக்குக் காரணம் வந்துவிட்டது. ஹியூபேட் திரைக்குக் கிட்டக் குனிந்தான். பதினேழு வருடம் சீசன் டிக்கட்டில் திகதி பார்த்த கண் அது, தன் பாட்டிலே திகதியைத்தான் தேடும். கோயில், குடும்பம், வேலைக்காலம் என்று பெரியவர் பெயர் வைத்த பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது உண்டான நேரம் இருந்தது.

"மிஸ்" என்றான். விரலைத் திரையில் வைத்தான். "இந்தப் பெட்டி அவ்வளவும் வியாழக்கிழமை பின்னேரம் ஏழு பன்னிரண்டுக்குப் பிறந்திருக்கு. மனுசன் புதன்கிழமை செத்தவர்."

வியாழக்கிழமை போன் யாரிடம் இருந்தது என்று துஷ்யந்தியும் ஹியூபேட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. புதன்கிழமை நிறுத்தி வைத்ததோடு தொடவேயில்லை என்று அந்த நல்ல பிள்ளை தனுஷன் சொன்னது ஹியூபேட்டின் காதில் மறுபடியும் கேட்டது. காலையில் தின்ற பணிஸும் அவன் தந்ததுதான். தங்களை எதற்காகப் பிடித்தான் என்பதும் இப்போது விளங்கியது. பதிவு இல்லை என்று அவன் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள், துஷ்யந்தி சொன்னால் நம்புவார்கள்.

"பொலிஸுக்குப் போவமே மிஸ். இது காணாதோ?"

போதாது என்றாள் துஷ்யந்தி. கார்ட் மாற்றியது பொய். பொய் சொன்னதெல்லாம் கொலையாகாது. பழைய படங்களைப் பத்திரப்படுத்தத்தான் மாற்றினேன் என்பான். சனிக்கிழமை பெரியவரோடு கதைத்தது யார், என்ன சொன்னார் என்பது காதால் கேட்டாலொழியப் பிரயோசனம் இல்லை. சிவப்புப் புள்ளிக் கார்ட் இந்நேரம் தெஹிவளைக் கடலில் மீனுக்குப் பக்கத்தில் கிடக்கும். சுவர் மணிக்கூட்டில் இரண்டேகால்.

அவளுடைய போன் அடித்தது. மூன்றாம் முறையாகத் தனுஷன். துஷ்யந்தி ஸ்பீக்கரில் போட்டாள். அவளுடைய குரலில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

"ஓம் தம்பி. முழுக்கப் பாத்தாச்சு. போனில ஒண்டும் இல்லை. நாலு மணிக்கு ஸ்டேசனுக்கு வாங்கோ, கையில தாறன்."

நன்றி சொல்லிவிட்டு அவன் வைத்தான். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதை நினைக்க ஹியூபேட்டுக்கு ஒரு பக்கம் ஆத்திரமாகவும் மறுபக்கம் பெருமையாகவும் இருந்தது. ஆத்திரம் வந்தால் அவனுக்குக் கதையும் வரும்.

"சட்டை சிறுத்துப்போனா பெரிசு வாங்கிறம்" என்றான், யாருக்கென்றில்லாமல். "பெரிய சட்டையை எவனோ கொண்டுபோயிட்டான், சரி. பழைய சட்டை எங்க?"

துஷ்யந்தி திரும்பினாள். அவள் அவனை அப்படிப் பார்த்தது மூன்று வருடத்தில் இரண்டாவது தடவை.

ரிம்ஸான் தலையில் கைவைத்தான். "பழைய பதினாறு அவருட கையில குடுத்தேன். அவரு அந்த அக்காட கையில குடுத்தாரு. ஒன்ட போன்ல போட்டுப் பாட்டுக் கேளுண்டு."

சனிக்கிழமை வந்த அழைப்பு. செவ்வாய்க்கிழமை மாற்றிய கார்ட். அந்த அழைப்புப் பதிந்த பழைய கார்டின் உள்ளறையை யாரும் தொடவில்லை. அதை இராமலெட்சுமி மூன்று நாளாகத் தன் கையோடு வைத்துக்கொண்டு, தன்னைக் காப்பாற்ற ஒன்றுமில்லையே என்று அழுதுகொண்டிருக்கிறாள்.

ரிம்ஸான் மடிக்கணினியைப் பையில் போட்டான். தன் பெயர் ஒட்டிய போன் பொலிஸுக்குப் போகும்போது தானும் போவதுதான் நல்லது என்றான். ஷட்டர் மறுபடியும் இறங்கியது.

*

நெரிசலான காலி வீதியை நம்பாமல் கொள்ளுப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் திருப்பி, மெரின் டிரைவில் விட்டான் ஹியூபேட். பக்கத்தில் ரயில் ஒன்று அவனோடு போட்டி போட்டு, பம்பலப்பிட்டியில் நின்றுவிட்டது. மூன்று இருபத்தைந்துக்குப் பொலிஸ் நிலையத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஓட்டோ நின்றது.

இராமலெட்சுமி உள்ளே போகும் நேரத்துக்கு முன்பே வந்து, வெளி விறாந்தையின் மரவாங்கில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். துவைத்து மடித்த சேலை. மடியில் ஒரு பை. அதற்குள் இரண்டு மாற்றுடுப்பும் பற்பசையும் இருந்தன. போனால் திரும்பி வரமாட்டோம் என்று அவளே தீர்மானித்து வந்திருந்தாள்.

துஷ்யந்தி பக்கத்தில் உட்கார்ந்து, தான் யாரென்று சொல்லி, ஐயா கொடுத்த கார்ட் எங்கே என்று கேட்டாள். இராமலெட்சுமி தன் பட்டன் போனை எடுத்துக் கொடுத்தாள். அதற்குள்தான் இருக்கிறது என்றாள். பக்கத்து வீட்டு றமீலா அதில் நாலு பாட்டுப் போட்டுக் கொடுத்தாளாம்.

"போட்டப்ப இங்கிலீசுல என்னமோ கேட்டுச்சுங்கம்மா. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. றமீலா, ஃபோர்மட் பண்ணவான்னு கேக்குது, அமத்துங்க அக்கான்னுச்சு. அமத்திட்டேன். எல்லாம் அழிஞ்சிருச்சுன்னு வந்துச்சு."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஹியூபேட் ரிம்ஸானின் முகத்தைப் பார்த்தான்.

ரிம்ஸான் பட்டன் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இந்தப் போன்தானா? பெரிய போன் இல்லயே?" என்று இரண்டு தடவை கேட்டான். பெரிய போனென்றால் இரண்டு அறையையும் இடித்துத் தரைமட்டமாக்கியிருக்கும். இந்தச் சின்னப் போனுக்கு உள்ளறையைப் பார்க்கவே கண் கிடையாது. அது வெளியறையை மட்டும் கூட்டித் துப்புரவாக்கியிருக்கும் என்றான். எழுந்துபோய்க் கார்டைக் கழற்றிச் செருகினான். ஓட்டோவின் பின்சீட்டில் மடிக்கணினி. அதன் திரையில் முதலில் நாலு பாட்டு வந்தன. பிறகு சாதாரணக் கணினிகளில் இல்லாத ஒரு கருவியைத் திறந்து ஏதோ தட்டினான்.

உள்ளறை திறந்தது. வரிசை வரிசையாகப் பதிவுகள், ஒவ்வொன்றிலும் திகதியும் நேரமும். சனிக்கிழமைக்கு ஒன்றே ஒன்று. பின்னேரம் ஆறு நாற்பது.

துஷ்யந்தி இயர்போனைத் தன் காதில் மட்டும் மாட்டிக் கேட்டாள். ஹியூபேட் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் தெரியவில்லை. கேட்டு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி நீண்ட நேரம் துடைத்தாள்.

உள்ளறையைத் தொடவேண்டாம், அது நீதிமன்றத்துக்கு என்றாள் ரிம்ஸானிடம். இந்த ஒன்றை மட்டும் வெளியறைக்குக் கொப்பி பண்ணி, பாட்டுகளில் முதலாவதாக வரும்படி வைத்துக் கார்டைப் பட்டன் போனுக்குள்ளேயே போட்டுவிடு என்றாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டாள்.

*

இன்ஸ்பெக்டர் கொட்டாஞ்சேனையில் ஏழு வருடம் வேலை பார்த்தவர். தமிழ் கதைப்பது கொச்சை, ஆனால் கேட்டால் முழுக்க விளங்கும். மேசைக்கு எதிரே இராமலெட்சுமியை இருத்தியிருந்தார். முன்னால் பாதி எழுதிய வாக்குமூலம். தனுஷன் வெள்ளைச் சட்டையோடு சுவரோரம் நின்றான். ஒருவரையும் நோகடிக்காத அதே முகம்.

துஷ்யந்தி தாளை அவனிடம் கொடுத்தாள். 'என்னிடம் தரப்பட்ட போனில் குரல் பதிவு எதுவும் இல்லை.' அவன் அதை வாசித்து, பெருமூச்சை மறைத்து, தன் கையாலேயே இன்ஸ்பெக்டரிடம் நீட்டினான். பிறகு இராமலெட்சுமியின் பக்கம் திரும்பி, நீங்களும் வேணுமெண்டு செய்திருக்கமாட்டியள் அக்கா, மறதியில நடந்திருக்கும் என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஹியூபேட் தன் இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஒரு விசயம் தம்பி" என்றாள் துஷ்யந்தி. "சனிக்கிழமை நீங்கள் மாமாவோட கதைச்சனீங்களோ?"

"இல்லை மிஸ்."

"அந்தக் குளிகையைப் பற்றி எண்டைக்காவது?"

"அதெல்லாம் இவதான் பாக்கிறவ. எனக்கு ஒண்டும் தெரியாது."

இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொள்ளட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவர் எழுதி முடித்ததும் இராமலெட்சுமியிடம் குனிந்து, உங்கட போனில முதல் பாட்டைப் போடுங்கோ என்றாள். இராமலெட்சுமி ஒன்றும் விளங்காமல் பட்டனை அமத்தினாள்.

பாட்டு வரவில்லை. ஒரு கரகரப்பு வந்தது. அதற்குப் பிறகு, காது மந்தமானவர்கள் கதைக்கிற உரத்த குரல்.

"சொல்லும் தனுஷன்."

"மாமா, கிளினிக்கில ரிப்போட் எடுத்தனான். அரைவாசி காணாதாம். காலமை ரெண்டு, இரவு ரெண்டு எடுக்கட்டாம்."

"ரெண்டோ? கூடவெல்லே?"

"டொக்டர்தான் சொன்னவர் மாமா. இண்டைக்கு இரவே தொடங்கட்டாம்."

"சரி சரி. எனக்கு மறந்துபோம். அவளை எழுதிவைக்கச் சொல்லுறன்."

தனுஷன் அசையவில்லை. அவனுடைய முகத்திலிருந்து அந்த நல்ல பழக்கம் மட்டும் எங்கோ போய்விட்டது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஓரடி உள்ளே வந்தார். பட்டன் போனுக்குள் பெரியவர் போனை வாயிலிருந்து விலக்கி, வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டார்.

"லெட்சுமி. ஒருக்கா இங்க வா பிள்ளை."

இராமலெட்சுமி கதிரையிலிருந்து எழுந்துவிட்டாள். ஆறு வருடம் அந்தக் குரலுக்கு எழுந்த கால்கள். "இந்தா வந்துட்டேங்க ஐயா" என்று வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு சுவரைப் பிடித்தாள். துஷ்யந்தி போய் அவளைத் தாங்கிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் பாதி எழுதிய வாக்குமூலத்தை மடித்து ஓரமாக வைத்தார். புதிய தாள் ஒன்றை எடுத்தார். பிறகு, இராமலெட்சுமி எழுந்ததால் காலியாகிக் கிடந்த கதிரையைக் காட்டி, தனுஷனை உட்காரச் சொன்னார்.